காரோடு கப்பலில் ஐஸ்லாந்து போகிறவர்களுக்கு: ஹியர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்திலிருந்து மேட்டுநிலத்தின் முதல் ஆறு வரை

ஐஸ்லாந்தின் நடுவே விரிந்து கிடக்கும் ஆளில்லாத மேட்டுநிலத்தைத் தமது சொந்த வாகனத்தில் கடக்க விரும்புகிறவர்களுக்கு, வாகனத்தோடு தாமும் சேர்ந்து போவதற்கென்று ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து ஒரேயொரு பயணிகள் கப்பல்தான் இருக்கிறது. ஃபாரோ தீவுகளின் ஸ்மிரில் லைன் நிறுவனம் நடத்தும் நொர்ரோனா என்னும் அந்தக் கப்பல், டென்மார்க்கின் வடகரையில் உள்ள ஹியர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, ஃபாரோவின் தலைநகரான தோர்ஸ்ஹவ்னில் நின்று, ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் செய்திஸ்ஃபியோர்தூர் என்னும் சிற்றூரை அடைகிறது. 2003 முதல் ஓடிவரும் இப்போதைய கப்பல் ஏறத்தாழ 164 மீற்றர் நீளமானது. சுமார் 1,480 பயணிகளையும் 800 கார்களையும் ஏற்றக்கூடியது. டென்மார்க்கின் யூலாந்துப் பகுதியில் ஹேர்னிங், பிராண்டே போன்ற ஊர்களில் வாழும் நம்மவர்களுக்கு இந்தத் துறைமுகம் மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ஆயினும் நம்மில் மிகச் சிலரே இந்த வழியைப் பயன்படுத்துகிறோம் என்பதனால், முதன்முறை போகிறவர்களுக்குத் தேவையானவற்றை வரிசைப்படி எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கப்பலிலிருந்து இறங்கும் நாளை ஓட்டத்துக்கான நாளாகக் கணக்கில் எடுக்காதீர்கள். நான் முதல்முறை போனபோது, காலையில் இறங்கி அன்றே மேட்டுநிலத்தில் கூடாரம் போட்டுவிடலாம் என்று திட்டமிட்டிருந்தேன். சுங்கத்தில் வரிசை, மலை ஏற்றம், கடைகளில் நெரிசல், இரண்டு இரவுகள் சரியாகத் தூங்காத உடம்பு என்று எல்லாம் சேர்ந்து, எஃப் என்ற எழுத்தால் குறிக்கப்படும் மேட்டுநில வீதிகளில் ஒன்றான எஃப் 88இல், பாலமில்லாத முதல் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஏழு மணியாகிவிட்டது. முன்னாலும் பின்னாலும் வேறு வாகனம் எதுவும் இல்லை. காரிலிருந்து இறங்கித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தேன். அந்த முடிவு சரியானது. அந்த இடத்துக்கு அந்த நேரத்தில் போயிருக்கவே கூடாது என்பதுதான் பாடம். கீழே வருகிற ஒழுங்குகள் எல்லாம் அந்த ஒரு மாலையிலிருந்து திருத்தப்பட்டவை.

பயணச்சீட்டும் வாகன அளவும்

கப்பல் வாரத்துக்கு ஒரு முறைதான் ஐஸ்லாந்துக்குப் போகிறது. நடுக்கோடையில் பொதுவாக இரண்டு இரவுகளிலும், மற்றப் பருவங்களில் தோர்ஸ்ஹவ்னில் கூடுதல் நேரம் நிற்பதால் மூன்று இரவுகளிலும் போய்ச் சேரலாம். கிழமையும் நேரமும் பருவத்தோடு மாறுகின்றன என்பதால், நண்பர் ஒருவர் சொன்ன பழைய அட்டவணையை நம்பி விடுமுறை எடுக்காமல், அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்த பிறகே வேலையிடத்தில் விடுமுறை கேளுங்கள். யூலை மாதத்துக்குப் போக வேண்டுமானால், சனவரியிலேயே சீட்டு எடுப்பது நல்லது. முதலில் தீர்ந்துபோவன மலிவான அறைகளும், உயரமான வாகனங்களுக்கான இடமுமே ஆகும்.

சீட்டு எடுக்கும்போது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, வாகனத்தின் பதிவுச் சான்றிதழில் இருக்கும் உயரத்தை அப்படியே எழுதிக் கொடுப்பதுதான். கூரைமேல் பெட்டியோ, மடிப்புக் கூடாரமோ, எரிபொருள் கலன் தாங்கியோ பொருத்தியிருந்தால் உயரம் வேறு. பின்னால் இழுவைக் கொக்கியும் சைக்கிள் தாங்கியும் இருந்தால் நீளமும் வேறு. எல்லாவற்றையும் பொருத்திய பிறகு, சமதரையில் நிறுத்தி, அளவுநாடாவால் அளந்து அந்த எண்ணைக் கொடுங்கள். தாழ்வான தளத்தில் இடம் எடுத்துவிட்டு உயரமான வாகனத்தோடு வந்து நின்றால், மேலதிகப் பணத்தைக் கட்டினாலும் அன்று உயரமான தளத்தில் இடம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

திரும்பி வரும் சீட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள். திரும்பும் கப்பலைத் தவறவிட்டால் அடுத்தது ஒரு வாரம் கழித்துத்தான். ஆகவே புறப்படுவதற்கு முந்தைய இரவைத் துறைமுகத்திலிருந்து 27 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் ஏயில்ஸ்தாதிர் நகரிலோ, துறைமுகத்திலேயோ கழிக்கும்படி இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வாகனத்தைச் சரக்குக் கப்பலில் அனுப்பிவிட்டுத் தாம் விமானத்தில் போவதும் உண்டு. நேரம் குறைந்தவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் வாகனத்தோடு சேர்ந்து பயணிக்கும்போது கிடைக்கும் இரண்டு நாள் இடைவெளி, மனத்தையும் திட்டத்தையும் ஒழுங்குபடுத்திக்கொள்ள மிகவும் உதவுகிறது என்பது என் அனுபவம்.

பத்திரங்கள்

ஐஸ்லாந்தும் டென்மார்க்கும் செங்கன் உடன்பாட்டில் இருக்கின்றன. நடுவில் கப்பல் நிற்கும் ஃபாரோ தீவுகள் அதில் இல்லை. இந்தச் சிறிய வேறுபாடு நம்மவர்களுக்குப் பெரிய சிக்கலாகலாம். டென்மார்க் அல்லது வேறொரு நோர்டிக் நாட்டின் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குத் தொல்லை இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ கோடைக்கு வந்திருக்கும் அம்மாவையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போக விரும்பினால், அவர்களுடைய செங்கன் விசாவில் ஃபாரோ தீவுகளுக்கும் செல்லும் என்ற குறிப்பு தனியாக இருக்க வேண்டும். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டுப் பெறுங்கள்; பின்னர் சேர்ப்பது கடினம். வதிவிட அனுமதியோடும் அகதிகளுக்கான பயணப் பத்திரத்தோடும் இருப்பவர்கள், சீட்டுக்குப் பணம் கட்டுமுன் குடிவரவுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, வந்த பதிலை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

வாகனத்துக்கு வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், காப்புறுதிச் சான்று, சாரதி அனுமதிப்பத்திரம். வாகனம் குத்தகையில் இருந்தாலோ வேறொருவர் பெயரில் இருந்தாலோ, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக உரிமையாளர் கொடுத்த கடிதமும் வேண்டும். ஐஸ்லாந்தில் வசிக்காத பயணி ஒருவர் தமது வாகனத்தை அங்கே 12 மாதங்கள் வரை வரியின்றித் தற்காலிகமாக வைத்திருக்கலாம். ஆனால் அந்த வாகனத்தை ஐஸ்லாந்தில் வசிக்கும் உறவினருக்கு ஓட்டக் கொடுக்காதீர்கள்.

காப்புறுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் பதிவான வாகனத்தின் கட்டாயக் காப்புறுதி, அதாவது மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி, ஐஸ்லாந்திலும் செல்லும். உங்கள் வாகனத்துக்கே ஏற்படும் சேதத்துக்கான பகுதி வேறு. ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் பணம் தருவார்களா, மணற்புயலில் சாயம் உரிந்தால் தருவார்களா, எஃப் வீதியில் வாகனம் நின்றுபோனால் இழுத்துவரும் செலவை ஏற்பார்களா என்ற மூன்று கேள்விகளையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் முதல் கேள்விக்கு இல்லை என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் ஆற்றங்கரையில் நிற்கும்போது உங்கள் நிதானத்துக்கு உதவும்.

எதை ஏற்றுவது, எதை விடுவது

சமைக்காத இறைச்சி, அவிக்காத முட்டை, காய்ச்சாத பால் ஆகியவற்றை ஐஸ்லாந்துக்குள் கொண்டுபோக முடியாது. அந்தத் தீவின் ஆடுகளும் குதிரைகளும் வெளியுலக நோய்களோடு பழகாதவை என்பதே காரணம். இதே காரணத்தால் பயன்படுத்திய மீன்பிடித் தூண்டில்களும் உடைகளும் கிருமிநீக்கம் செய்யப்பட்டதற்கான சான்றோடு வர வேண்டும். பழைய குதிரைச் சேணம் போன்றவற்றுக்கு அனுமதியே இல்லை. ஒருவர் வரியின்றிக் கொண்டுபோகக்கூடிய உணவுக்கும் அளவுக் கட்டுப்பாடு உண்டு. புறப்படும் வாரத்தில் ஐஸ்லாந்துச் சுங்கத்தின் அறிவிப்பைப் பார்த்து அதற்குள் அடக்குங்கள். அரிசி, பருப்பு, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பொரித்த வெங்காயம் ஆகியவை நமக்குப் போதும். தூள்களைப் பெயரில்லாத பைகளில் கட்டாமல், கடையில் வாங்கிய பொதியோடு அல்லது பெயர் ஒட்டிய போத்தலில் வையுங்கள். சுங்க அதிகாரி ஒருவருக்கு நமது கறித்தூளை விளக்கிச் சொல்வது சிரமம் அல்ல, ஆனால் பின்னால் நூறு வாகனங்கள் நிற்கும்போது அது எல்லோருக்கும் தாமதம்.

எரிபொருளை வாகனத்தின் தாங்கியில் மட்டுமே கப்பலில் கொண்டுபோகலாம். மேலதிகக் கலன்களை வெறுமையாகவும் மணமில்லாமல் காய்ந்ததாகவும் கொண்டுபோய், அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்.

வாகனத்தைப் பொறுத்தவரை, மேட்டுநிலத்துக்குப் போவதானால் நான்கு சில்லுகளும் இயங்கும் வாகனம் சட்டப்படியே கட்டாயம். குறைவேகப் பற்சக்கரம் உள்ள, அடித்தளம் உயர்ந்த வாகனமாக இருப்பது நல்லது. நகரத்துக்கென்று செய்யப்பட்ட, நான்கு சில்லுகளும் இயங்கும் சிறிய கார்கள் சில எஃப் வீதிகளுக்குப் போதும். ஆழமான ஆறுகள் உள்ள வீதிகளுக்குப் போதா. முழு அளவு மாற்றுச் சில்லு, ரயரின் துளையை அடைக்கும் தொகுதி, காற்றடிக்கும் பம்பி, காற்றழுத்தமானி, சேற்றில் வாகனத்தைத் தூக்கும் ஜாக்கின் கீழ் வைக்க ஒரு தடித்த பலகை, மண்வெட்டி, இழுவைக் கயிறு ஆகியவை குறைந்தபட்சம். இழுவைக் கொளுவி எங்கே திருகப்படுகிறது என்பதை வீட்டு வாசலிலேயே ஒருமுறை திருகிப் பாருங்கள். வாகனத்தின் காற்று உள்ளிழுக்கும் வாய் தரையிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து, முன்கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். ஆற்றங்கரையில் அந்த எண்தான் உங்களுக்குத் தேவைப்படும்.

கப்பலில்

துறைமுகத்தில் வரிசைக்குள் போகுமுன், இரண்டு நாளுக்கு வேண்டியவற்றை ஒரு சிறிய பையில் தனியாக எடுத்து வையுங்கள். கப்பல் ஓடும்போது வாகனத் தளம் பூட்டப்பட்டிருக்கும். மறந்துபோன மருந்தை எடுக்க நினைத்த நேரத்தில் கீழே போக முடியாது. வாகனத்தில் பட்டரியில் ஓடும் குளிர்ப்பெட்டி இருந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டு நாள் ஓடவிட்டால் செய்திஸ்ஃபியோர்தூரில் வாகனம் கிளம்பாது, உங்களுக்குப் பின்னால் நிற்பவர்களும் கிளம்ப முடியாது. அடுப்பு வாயுவின் வால்வை மூடுங்கள். கைப்பிரேக்கை இழுத்து, கியரிலும் விட்டு, திருட்டு எச்சரிக்கை மணியை அணையுங்கள். கப்பலின் ஆட்டத்தில் அது இரவெல்லாம் ஒலித்துக்கொண்டிருக்கும். இறங்கி மேலே போகுமுன் தளத்தின் எண்ணையும் படிக்கட்டின் அடையாளத்தையும் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஏறும்போது சாரதி மட்டும் வாகனத்தில் வர, மற்றவர்கள் நடந்து ஏறும்படி சொல்லப்படலாம். அப்போது பிரிந்து போகிறவர்களிடம் அவரவர் கடவுச்சீட்டு இருக்க வேண்டும்.

வட அத்திலாந்திக் கடல் கோடையிலும் அமைதியாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். கடல் ஒவ்வாமை உள்ளவர்கள், குமட்டல் தொடங்கிய பிறகல்ல, கப்பல் புறப்படுமுன்பே மாத்திரை எடுக்க வேண்டும். பெரியவர்களோடு போகிறவர்கள் பலர் ஒன்றாகப் படுக்கும் அடித்தளப் படுக்கைகளைத் தவிர்த்து, கதவுள்ள அறை எடுப்பது நல்லது. செலவு கூடும், ஆனால் தூங்காத சாரதியோடு மலையேறுவதைக் காட்டிலும் அது மேல்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். கோடையில் ஃபாரோ நேரம் டென்மார்க்கை விட ஒரு மணி நேரம் பின்னால். ஐஸ்லாந்து இரண்டு மணி நேரம் பின்னால். கப்பலில் சாப்பாட்டு நேரமும் இறங்கும் அறிவிப்பும் எந்த நேரத்தின்படி என்பதை ஏறியவுடன் வரவேற்பு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பலில் இருக்கும் இரண்டு நாளில் செய்ய வேண்டிய உண்மையான வேலை ஒன்று உண்டு. வரைபடத்தை விரித்து, முதல் மூன்று நாள்களின் இரவுத் தங்கலையும் எரிபொருள் நிலையங்களையும் குறித்துக்கொள்வதுதான் அது. மேல்தளத்தில், பழைய நான்கு சில்லு இயக்க வாகனங்களோடு வந்திருக்கும் ஜெர்மானியர்களும் டச்சுக்காரர்களும் இதையே செய்துகொண்டிருப்பார்கள். பலமுறை போய்வந்தவர்கள் அவர்களில் இருப்பார்கள். தயங்காமல் பேச்சுக் கொடுங்கள். ஆறுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டது.

சில வாரங்களில் ஃபாரோவில் இறங்கி இரண்டு மூன்று நாள் தங்கி அடுத்த கப்பலில் தொடரும்படியும் சீட்டு எடுக்கலாம். முடிந்தால் செய்யுங்கள். 2020 டிசம்பரில் திறந்த, 11 கிலோமீற்றருக்கும் சற்றுக் கூடிய நீளமுள்ள கடலடிச் சுரங்கத்தின் நடுவே ஒரு சுற்றுவட்டமும் இருக்கிறது. கடலுக்கு அடியில் சுற்றுவட்டத்தில் வாகனம் திருப்புவது பிள்ளைகளுக்கு மறக்காது.

இறங்கும் காலை

கப்பல் 17 கிலோமீற்றர் நீளமான கடற்கழி ஒன்றுக்குள் நுழைந்து ஊரை அடைகிறது. இரண்டு பக்கமும் பனி உருகி வழியும் மலைகள். அதைப் பார்ப்பதற்காகவேனும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து மேல்தளத்துக்குப் போங்கள். எழுநூறு பேர் அளவில் வாழும் இந்த ஊரில்தான், 1906 இல், ஐஸ்லாந்தை வெளியுலகோடு இணைத்த முதல் கடலடித் தந்திக் கம்பி கரையேறியது. வாரம் ஒருமுறை பல நூறு வாகனங்கள் ஒரே நேரத்தில் இந்தச் சிறிய ஊருக்குள் இறங்குகின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

சுங்கத்தில் சாரதியிடம் உணவு, மது, தூண்டில், தங்கும் காலம் ஆகியவற்றைக் கேட்கலாம். மது கொண்டுவர 20 வயது நிறைந்திருக்க வேண்டும். மோப்ப நாயோடு சிலரை ஓரமாக நிறுத்திச் சோதிப்பார்கள். அது வழக்கமானது, பதற்றம் வேண்டாம். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லி, வாகனத்தைத் திறந்து காட்டினால் விரைவில் முடிந்துவிடும்.

வெளியே வந்ததும் எல்லா வாகனங்களும் ஒரே வீதியில்தான் போகும். 93ஆம் இலக்க வீதி, கடல்மட்டத்திலிருந்து 600 மீற்றருக்கு மேலான ஃபியார்தார்ஹேய்தி கணவாயை ஏறிக் கடந்து ஏயில்ஸ்தாதிருக்கு இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனி கட்டியிருக்கும். யூன் மாதத்திலும் ஓரத்தில் பனிச்சுவர் நிற்கக்கூடும். இந்த ஊர்வலத்தில் சேராதீர்கள். துறைமுகத்தருகே ஓரமாக நிறுத்தி, ஒரு தேநீர் குடித்து, ஒரு மணி நேரம் கழித்துப் புறப்படுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் வாகனத்தைச் சுற்றிவந்து பாருங்கள்: கூரைப் பட்டிகள் தளர்ந்திருக்கின்றனவா, ரயர்களில் காற்று சரியா, கண்ணாடி கழுவும் நீர் நிறைந்திருக்கிறதா, கீழே எண்ணெய்க் கசிவு உண்டா. கணவாயை இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். பாரமேற்றிய வாகனத்தில் பிரேக் சூடாகி வலுவிழக்கும்.

ஏயில்ஸ்தாதிரில் இரண்டு பேரங்காடிகள், எரிபொருள் நிலையங்கள், நீச்சல் குளம், கூடாரத்தளம் எல்லாம் இருக்கின்றன. ஆளில்லாத பம்பிகளில் பணம் செலுத்த நான்கு இலக்க இரகசிய எண் உள்ள அட்டை வேண்டும். அந்த எண்ணை மறந்திருந்தால் வீட்டிலிருந்து புறப்படுமுன் வங்கியிடம் பெற்றுக்கொள்ளுங்கள். இங்கே முதல் இரவைத் தங்குங்கள். மாலையில் நேரம் இருந்தால் லாகார்ஃப்ல்யோத் ஏரிக்கரை வழியே போய், 128 மீற்றர் உயரமான ஹெங்கிஃபோஸ் அருவிக்கு நடந்து ஏறலாம். கப்பலில் இரண்டு நாள் உட்கார்ந்த கால்களுக்கு அது நல்லது. வண்டிக்குள்ளே தூங்குகிறவர்களும் கூடாரத்தளத்தில்தான் தூங்க வேண்டும். வீதியோரத்தில் நிறுத்தித் தூங்குவதற்கு நிலத்தின் உரிமையாளரது அனுமதி வேண்டும் என்பது சட்டம்.

இரண்டாம் நாள்: பழகுவதற்கு

இரண்டாம் நாளை 1ஆம் இலக்க வட்ட வீதியில் மீவத்ன் ஏரி வரை ஓட்டிப் பழகுவதற்கு ஒதுக்குங்கள். ஏறத்தாழ 165 கிலோமீற்றர். தார்வீதியில் மணிக்கு 90 கிலோமீற்றர், சரளை வீதியில் 80, ஊருக்குள் 50 என்பவை உச்ச வரம்புகள். சரளையில் 80 என்பது சட்டம் தரும் எல்லைதான். பாரம் ஏற்றிய வாகனத்தில் நான் 60க்கு மேல் போவதில்லை. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில்தான் பல வாகனங்கள் புரண்டிருக்கின்றன. அந்த இடத்துக்கு வருமுன்பே வேகத்தைக் குறையுங்கள், சரளைக்கு வந்த பிறகு பிரேக்கை அழுத்தாதீர்கள். ஒருவழிப் பாலங்களில் முதலில் அணுகியவருக்கு வழி. ஐயம் இருந்தால் நில்லுங்கள். ஆடுகள் கோடை முழுவதும் செப்டம்பர் வரை கட்டின்றி மேய்கின்றன. தாய் வீதியின் ஒருபக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால், குட்டி உங்களுக்கு முன்னால் குறுக்கே ஓடும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றி யாரும் போதிய அளவு சொல்வதில்லை. வாகனத்தைக் காற்றை எதிர்நோக்கி நிறுத்துங்கள். கதவைத் திறக்கும்போது இரு கையாலும் பிடித்துக்கொண்டு திறவுங்கள், பிள்ளைகளைத் தாமாகத் திறக்க விடாதீர்கள். பின்னாலிருந்து வரும் காற்று கதவை முறித்துப் பின்னுக்கு மடக்கிவிடும். அந்தச் சேதத்தைக் காப்புறுதிகள் எளிதில் ஏற்பதில்லை.

மேட்டுநிலமும் முதல் ஆறும்

மூன்றாம் நாள் காலைதான் மேட்டுநிலத்துக்கான நேரம். எஃப் என்ற எழுத்தோடு தொடங்கும் இலக்கமுள்ள வீதிகள் பனி உருகி, மண் காய்ந்த பிறகே திறக்கப்படுகின்றன. பல வீதிகளுக்கு அது யூன் நடுப்பகுதிக்கும் யூலைத் தொடக்கத்துக்கும் இடையில். ஐஸ்லாந்து வீதி நிர்வாகமான வேகாயேர்தின் வெளியிடும் வரைபடத்தில் எது திறந்திருக்கிறது என்று பார்க்கலாம். 1777 என்ற எண்ணில் கேட்கவும் செய்யலாம். வீதியில் ‘லோகாத்’ என்று பலகை இருந்தால் மூடப்பட்டது என்று பொருள். ‘ஓஃபைர்த்’ என்றால் செல்ல இயலாது என்று பொருள். பலகையைச் சுற்றிப் போன சில்லுத் தடம் தெரிந்தாலும் அதைப் பின்பற்றாதீர்கள். வீதியை விட்டு விலகி ஓட்டுவது குற்றம், தண்டப்பணமும் பெரியது. அதைவிடவும், அங்கே ஒரு சில்லு நசுக்கிய பாசி மீண்டும் முளைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். எதிரே வாகனம் வந்தால், தடத்துக்கு வெளியே இறங்காமல், அகலமான இடம் வரை பின்னால் போய் வழி விடுங்கள்.

போகும் வழியையும் திரும்பும் நாளையும், ஐஸ்லாந்தின் தன்னார்வ மீட்பு அமைப்பு நடத்தும் சேஃப்டிராவல் தளத்தில் பதிவு செய்யுங்கள். அவசரத்துக்கு எண் 112.

நான் முதலில் பரிந்துரைப்பது அஸ்க்யா எரிமலை. 1875 இல் அது வெடித்தபோது விழுந்த சாம்பல் கிழக்குப் பண்ணைகளை அழித்ததால் பலர் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1965 இலும் 1967 இலும் அப்பல்லோ விண்வெளி வீரர்கள் நிலவின் பாறைகளைப் பற்றிப் பயில அங்கே வந்தார்கள். அங்கே போக மீவத்ன் ஏரிக்குக் கிழக்கே வட்ட வீதியிலிருந்து எஃப் 88 பிரிகிறது. வழியில் எரிபொருள் கிடையாது. மீவத்ன் கரையிலுள்ள ரெய்க்யாலித் ஊரில் தாங்கியை நிரப்பி, போய்வர ஏறத்தாழ 270 கிலோமீற்றர் என்று எடுத்து, தாழ்ந்த கியரில் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் இன்னும் பாதியளவு சேர்த்துக் கணக்கிடுங்கள். சரளையில் ஏறியதும் ரயரின் காற்றைக் குறைப்பது குலுக்கலைக் குறைக்கும். என் வாகனத்தில் 2.5 பார் அழுத்தத்திலிருந்து 1.8க்குக் குறைக்கிறேன். தார்வீதிக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்ப வேண்டும்.

ஆற்றங்கரைக்கு வந்ததும் முதலில் வாகனத்தை நிறுத்தி இறங்குங்கள். வேறு வாகனம் வரும்வரை காத்திருப்பது வெட்கத்துக்குரியது அல்ல; தனியாக ஆறு கடக்காதிருப்பதே அங்கு பழகியவர்களின் வழக்கம். பனியாற்றிலிருந்து வரும் ஆறுகள் வெயிலேற ஏறப் பெருகும், அதிகாலையில் குறைந்திருக்கும். மழைக்குப் பிறகு எல்லா ஆறுமே மாறியிருக்கும், நேற்றுக் கடந்தவர் சொன்ன ஆழம் இன்றைக்குச் செல்லாது. அமைதியாகவும் குறுகலாகவும் ஓடும் இடம் பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும், ஆழம் அங்கேதான். அகலமாகப் பரந்து சிறு அலைகளோடு ஓடும் இடத்தில் ஆழம் குறைவு. முழங்காலுக்கு மேல் வரும் நீர்புகாக் காலணி அணிந்து, இடுப்பில் கயிறு கட்டி, அதை ஒருவர் கரையில் பிடித்திருக்க, குறுக்கே நடந்து பாருங்கள். நீங்கள் நடந்து கடக்கத் தயங்கும் ஆற்றை வாகனத்திலும் கடக்காதீர்கள். முன்கண்ணாடியில் ஒட்டிய எண்ணையும் உங்கள் காலில் நனைந்த உயரத்தையும் ஒப்பிடுங்கள். வாகனம் தள்ளும் அலை அதற்கும் மேலே எழும் என்பதற்கு இடம் விடுங்கள்.

போகலாம் என்று முடிவானால், நான்கு சில்லு இயக்கத்தையும் குறைவேகப் பற்சக்கரத்தையும் கரையிலேயே போட்டு, முதல் கியரில், நடக்கும் வேகத்தில், சற்று நீரோட்டத்தின் திசையில் சாய்வாக இறங்குங்கள். நடுவில் கியர் மாற்றவோ கிளச்சை அழுத்தவோ கூடாது. நீரைப் பார்த்தால் தலை சுற்றி ஓட்டத்தோடு இழுபட்டுவிடுவீர்கள். எதிர்க்கரையில் ஏறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் கிளப்ப முயலாதீர்கள்: உள்ளே நீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியே எஞ்சினை உடைத்துவிடும். கயிறு போட்டு இழுப்பதுதான் வழி. இழுவைக் கொளுவியைக் கரையிலேயே பொருத்திவிட வேண்டும் என்பதும், இன்னொரு வாகனத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

மறுகரை ஏறியதும் சில மீற்றர் தள்ளி நிறுத்தி, பின்னால் வருபவர் பாதுகாப்பாகக் கடக்கும்வரை காத்திருங்கள். பிறகு மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல மிதித்து உலர்த்துங்கள். இறங்கி முன்பக்கத்தைப் பாருங்கள்: ஆற்றின் விசை இலக்கத் தகட்டைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கக்கூடும். தகடு இல்லாத வாகனத்தோடு திரும்பும் கப்பலின் சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்ல நேராமலிருக்க, ஆற்றைக் கடக்குமுன்பே தகட்டைக் கழற்றி உள்ளே வைத்து, மேட்டுநிலத்தை விட்டு வெளியே வந்தவுடன் பூட்டிக்கொள்வது என் வழக்கம்.